நாலு லட்சம் பேருக்குப் பக்கத்து நாற்காலி

என் காதில் அந்தக் கொக்கியை மாட்டிய ஐந்தாவது நிமிடம் அது புகைந்துவிட்டது. நான் அளப்பதாக என் மனைவி உலகம்மாள் சொல்வாள். அவள் அப்போது அடுக்களையில் இருந்தாள், அவளுக்கு என்ன தெரியும். ஊதா நிறத்தில் நூல் மாதிரிப் புகை எழுந்தது. கருகிய அப்பள வாசனைகூட வந்தது.

அது குழப்பத்தை அளக்கும் கொக்கி. இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். காது மடலில் மாட்டிக்கொண்டால், ஒரு விஷயம் புரியாமல் மண்டைக்குள் சிக்கும்போது மூளையில் ஏற்படும் துடிப்பைப் பிடித்து ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். அந்த அளவுக்கு முடிச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் முன்பின் பார்த்திராத ஒருவர் வந்து தோளைத் தட்டி, என்னைத் தெரியுதா என்று கேட்டால் சராசரி மனிதனுக்கு முப்பது முடிச்சு. கருவி தாங்கக்கூடிய உச்சம் நூறு. எனக்கு முந்நூற்று நாற்பது. மூன்றாவது கொக்கியைத் தண்ணீரில் நனைத்து மாட்டித்தான் அதையே அளக்க முடிந்தது.

அளந்தவர் பெயர் தேவசகாயம். குருமணி என்ற இணையக் கல்விக்கூடத்தின் பாளையங்கோட்டைக் கிளை அதிகாரி. நாற்பது வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே அறுபது வயது. அவர் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு வந்து அழைப்புமணியை அடித்தபோது, என்னைக் கண்டிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெற்ற நாலு வருடத்தில் அவர்களிடம் நூற்று நாற்பத்து மூன்று படிப்புகளில் சேர்ந்து நூற்று நாற்பத்து மூன்றையும் பாதியில் விட்டவன் நான். தேனீ வளர்ப்பு, கடலடி விவசாயம், செவ்வாய்க் கிரகத்துக்கான வாஸ்து. பூனை உளவியலில் மட்டும் பதினொரு நாள் தாக்குப்பிடித்தேன். காரணம், திரையில் ஒரு பூனை வரும்.

தேவசகாயம் கண்டிக்கவில்லை. கொக்கியில் வந்த எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். உலகத்தில் இதுவரை கிடைத்ததிலேயே கலப்படமில்லாத குழப்பம் இதுதான் என்றார். உலகம்மாள் காப்பியோடு வந்தவள் தம்ளரை வைக்காமல் அப்படியே நின்றாள்.

"நாப்பது வருசமா நான் ஒருத்திதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றாள். "இன்னிக்குத்தான் ஒரு படிச்ச மனுசன் வந்து கையெழுத்துப் போட்டிருக்காவ."

அவர்களுடைய பிரச்சினையைத் தேவசகாயம் விளக்கினார். குருமணி என்பது இயந்திர ஆசிரியர். பாடம் நடத்துவதில் அதற்கு ஈடு கிடையாது. கோபப்படாது, லீவு போடாது, சாக்பீஸ் எறியாது. மாணவர் குழம்புகிறார் என்று கொக்கி சொன்னவுடன் பாடத்தை நிறுத்தி, "உங்களுக்குப் புரியவில்லையா?" என்று தேன் ஒழுகக் கேட்கும். திரையில் இரண்டு பொத்தான் வரும். தொண்ணூறு முடிச்சில் தலை கிறுகிறுத்துக்கொண்டிருக்கிற ஆளும் 'புரிந்தது' என்ற பொத்தானைத்தான் அமுக்குவார். குருமணி அடுத்த பாடத்துக்குப் போய்விடும். நாலு நாளில் அந்த ஆள் காணாமல் போய்விடுவார்.

"லட்சம் பேர் சேருதாவ அண்ணாச்சி. பன்னெண்டு பேர் முடிக்காவ. அதுலயும் மூணு பேரு பாடத்தை ஓடவிட்டுட்டுத் தூங்குனவுக."

"அதுக்கு நான் என்ன செய்யணும் தம்பி?"

"ஒண்ணும் செய்யாண்டாம். உக்காந்து குழம்புனாப் போதும்."

திட்டம் இதுதான். இணையத்தில் படிக்கிறவர் தனியாக இருக்கிறார். தனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைக்கிறார், வெட்கப்படுகிறார், ஓடிவிடுகிறார். ஆகவே ஒவ்வொருவர் திரையிலும் ஓர் ஓரத்தில் பக்கத்து நாற்காலி என்று ஒன்றைப் போட்டு, அதில் நிஜமாகவே குழம்புகிற ஒரு மனிதரை உட்கார வைக்க வேண்டும். நடிகர்களை வைத்துப் பார்த்தார்களாம். கொக்கியை ஏமாற்ற முடியவில்லை, மாணவர்களையும் ஏமாற்ற முடியவில்லை. அசல் சரக்கு வேண்டும்.

எந்தப் படிப்புக்கு என்று கேட்டேன். விண்தூக்கிப் பராமரிப்பு என்றார்.

மணப்பாட்டுக்குக் கிழக்கே கடலுக்குள் கட்டிக்கொண்டிருந்தார்களே, வானத்துக்குப் போகிற லிப்ட், அதுதான் விண்தூக்கி. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கயிறு. அதைப் பார்த்துக்கொள்ள ஏராளமான ஆட்கள் வேண்டும் என்று நாலு லட்சம் பேரைச் சேர்த்திருந்தார்கள். நான் முப்பத்தாறு வருடம் ஒரு லிப்ட் கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். கோப்புப் பிரிவு. லிப்ட் எப்படி மேலே போகிறது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அது மேலே போன விவரம் எந்தப் பைலில் இருக்கிறது என்பது தெரியும். இதைச் சொன்னதும் தேவசகாயத்தின் கண்கள் கலங்கின. இப்படி ஓர் ஆள் கிடைப்பார் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் குடியிருந்தவள் செண்பகவடிவு. நாற்பத்தொரு வயது. டவுனில் உள்ள பெரிய ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடமாக லிப்ட் இயக்குகிறாள். தரைத்தளம் காட்டன், முதல் மாடி பட்டு, இரண்டு ஆண்கள், மூன்று குழந்தைகள், நாலு பாத்திரம். இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்பார்கள். தீபாவளியோடு அந்த லிப்டை எடுத்துவிட்டு நகரும் படிக்கட்டு போடப்போவதாகக் கடையில் சொல்லிவிட்டார்கள். நகரும் படிக்கட்டுக்கு ஆள் வேண்டாம்.

அவளும் விண்தூக்கிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். நாலாவது தடவையாக. மூன்று தடவையும் மூன்றாம் பாடத்தில், எதிர்எடை என்ற இடத்தில், வண்டி நின்றுபோயிருக்கிறது. ஒரே படிப்பை நாலாவது தடவையும் விட்டால் பெயரை நிரந்தரமாக அடித்துவிடுவார்கள், அப்புறம் குருமணியில் கோலம் போடுகிற படிப்பில்கூடச் சேர முடியாது. தொடர்ந்து மூன்று நாள் வகுப்புக்கு வராவிட்டால் விட்டதாகக் கணக்கு. ஒருநாள் மாடிப்படியில் நின்று இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். புரியலை என்று பொத்தானை அமுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன், ஏதோ நான் அமுக்கியவன் மாதிரி.

"அது மூஞ்சிக்கு நேரா 'புரியலையா'ன்னு கேக்குல்லா அண்ணாச்சி. அப்படிக் கேட்டா ஆமான்னா சொல்லுவோம்?" என்றாள். அப்புறம் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பத்தொம்பது வருசமா நாலாம் மாடிக்கு மேல போனதில்ல. ஒருக்க, மேல கூரையே இல்லாத மாடிக்குப் போய்ட்டு வரணும்," என்றாள்.

தினமும் காலை பதினோரு மணிக்கு வகுப்பு. மொத்தம் நாற்பது பாடம். நான் வேட்டி மாற்றி, திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு லட்சம் திரைகளின் ஓரத்தில் என் முகம் எழுந்தது, கீழே முடிச்சு எண்ணோடு. முதல் பாடம் கயிறு. கயிறு வானத்திலிருந்து தொங்குகிறது என்று குருமணி சொன்னது. எதிலிருந்து தொங்குகிறது என்று யோசித்தேன். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. முந்நூற்று நாற்பது.

திட்டம் படுதோல்வி. என்னைப் பார்த்து ஆறுதல் அடைவார்கள் என்று நினைத்தது போய், பத்து வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவர் போல மீசையும் திருநீறுமாக இருக்கிற இவருக்கே புரியவில்லை, நமக்கு எங்கே என்று முதல் நாள் பதினாறாயிரம் பேர் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாம் நாள் முப்பதாயிரம். தேவசகாயம் போனில் பேசும்போது அவர் குரலுக்குப் பின்னால் யாரோ மேஜையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் எதிர்எடைப் பாடம். கீழ்வீட்டுக்காரி என்ன ஆகப்போகிறாளோ என்று பத்து நிமிடம் முன்னதாகவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர் திரை எனக்குத் தெரியாது, கேட்கிற கேள்விகள் மட்டும் எல்லாருக்கும் கேட்கும். குருமணி சொன்னது: விண்தூக்கி மேலே போக வேண்டுமானால் மறுமுனையில் ஓர் எடை இருக்க வேண்டும். வழக்கம் போலப் பாடத்தை நிறுத்தி, உங்களுக்குப் புரியவில்லையா என்று நாலு லட்சம் பேரிடமும் கேட்டது. நாலு லட்சம் பேரும் புரிந்தது என்று அமுக்கப் போகிற சமயம், ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது.

"இந்தா, இங்க அண்ணாச்சிக்குப் புரியல. இன்னொருக்க சொல்லுங்க."

செண்பகவடிவு. ஜவுளிக்கடையில் நாலு மாடிக்குக் கேட்கிற குரல். குருமணி என் முடிச்சைப் பார்த்தது. உண்மைதான். "பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்காக மீண்டும் சொல்கிறேன்," என்று ஆரம்பித்து, கிணற்று உருளையில் ஒரு பக்கம் வாளியும் மறுபக்கம் கல்லும் கட்டிக் காட்டியது. எனக்குப் புரியவில்லை, அது வேறு விஷயம். கீழ்வீட்டிலிருந்து ஒரு பெரிய 'ஓஹோ' வந்தது. அது திரை வழியாக வரவில்லை, தரை வழியாகவே வந்தது.

அன்றைக்கு ஐந்நூறு பேர்தான் விட்டுப் போனார்கள். மறுநாள் எண்பது. அதற்குப் பிறகு எவரும் போகவில்லை. அண்ணாச்சிக்கு இந்தப் படம் புரியலையாம். அண்ணாச்சி பாவம், மெதுவாச் சொல்லுங்க. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாது, தமிழ்ல சொல்லுங்க. அண்ணாச்சி மூணாம் பாடத்தையே மறந்துட்டாவ, திரும்ப முதல்ல இருந்து. நாலு லட்சம் பேர், இதற்கு முன் வாழ்நாளில் ஒரு சந்தேகம் கேட்டிராதவர்கள், என் பெயரில் மழை மாதிரிக் கேட்டுத் தள்ளினார்கள்.

தேவசகாயம் ஓடோடி வந்தார். என்ன நடக்கிறது என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், எங்களிடம் இருக்கிற ஆயிரத்து இருநூறு நிபுணர்களுக்கும் விளங்கவில்லை என்றார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. திருநெல்வேலிக்காரர், கல்யாண வீட்டில் சாப்பிட்டதே இல்லையா?

"தம்பி, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுல பந்தியில உக்காந்திருக்கீரு. தேங்காப்பால் சொதி அமிர்தமா இருக்கு. இன்னும் ரெண்டு கரண்டி வேணும். என்ன செய்வீரு?"

அவர் யோசித்தார். "பக்கத்துல இருக்கவருக்குச் சொதி கொண்டாங்கன்னு கூப்பிடுவேன்."

"உமக்குன்னு கேப்பீரா?"

"அதெப்படி அண்ணாச்சி கேக்க முடியும்?"

"அவ்வளவுதான் தம்பி. உங்க நிபுணருங்க எல்லாம் மேஜையில உக்காந்து தனித்தனித் தட்டுல சாப்பிடுத கூட்டம். இலை போட்டு உக்காரல. எங்களுக்குப் பக்கத்துல ஓர் இலை வேணும்வே."

தேவசகாயம் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். அதன் பிறகு வெளியிட்ட அறிக்கையில் இதைத் தோழமை வழிப்பட்ட ஐயநிவர்த்தி என்று நாற்பது பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். சொதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் நாலு லட்சம் பேருக்கு முட்டாளாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. என் முகம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினால், காம்பை நீக்கிவிட்டுச் சமைக்க வேண்டும் என்று கடைக்காரர் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். வண்ணார்பேட்டை சிக்னலில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டு, சிவப்பு என்றால் என்ன, பச்சை என்றால் என்ன என்று படம் வரைந்து காட்டினாள். பல் வைத்தியர் வாயைத் திறங்கள் என்று சொல்லிவிட்டு, தானே திறந்து காட்டினார். உலகம்மாளுக்கு ஒரே பெருமை. கோயிலுக்குப் போனால், குழம்புதாவல்லா, அவுக வீட்டம்மா என்று வழிவிட்டார்களாம்.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். உபயோகம் இல்லாதது என்று வீட்டில் நாற்பது வருடம் சொல்லப்பட்ட ஒன்று, நாலு லட்சம் பேரைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. ராஜா மாதிரிக் குழம்பினேன்.

முப்பத்தோராம் பாடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த நிமிடத்தை விவரிக்க முடியாது. அதிர்வு அடக்கம் என்று ஏதோ பாடம். கயிறு ஏன் ஆடுகிறது, ஆட்டத்தை எப்படி நிறுத்துவது. கேட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று மண்டைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. கயிறு ஏன் ஆடுகிறது என்று புரிந்தது. அதைத் தொடர்ந்து எதிர்எடை புரிந்தது. முப்பது பாடமும் வால் பிடித்த யானைகள் மாதிரி வரிசையாகப் புரிந்துகொண்டே வந்தன. முப்பத்தாறு வருடம் கோப்பு எழுதிய லிப்ட் புரிந்தது. எங்கள் சித்தி மகள் எதற்காக எட்டு வருடமாகப் பேசவில்லை என்பதுகூடப் புரிந்தது. தப்பு என்மேல்தான். முடிச்சைப் பார்த்தேன். பூஜ்யம்.

வேறு ஒன்றும் காரணமில்லை. ஒரே விஷயத்தை ஒரு மனிதனுக்கு நாலு லட்சம் பேர் கேட்டுக் கேட்டு முப்பது நாள் விளக்க வைத்தால், கல்லுக்கும் புரிந்துவிடும். இதை எந்த நிபுணரும் யோசிக்கவில்லை.

கீழ்வீட்டுக் குரல் அன்றைக்கும் வந்தது. "இங்க அண்ணாச்சிக்குப் புரியல, இன்னொருக்க..."

"பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குப் புரிந்துவிட்டது," என்றது குருமணி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. "முடிச்சு பூஜ்யம். கேள்வியை ஏற்க இயலவில்லை. உங்களுக்குப் புரியவில்லையா?"

நாலு லட்சம் பேரும் புரிந்தது, புரிந்தது என்று பொத்தான் அமுக்கும் சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி. சாயங்காலத்துக்குள் ஒன்பதாயிரம் பேர் போய்விட்டார்கள். மறுநாள் செண்பகவடிவு வகுப்பில் இல்லை.

தேவசகாயம் ஆட்களோடு வந்து என்னைக் குழப்பப் பார்த்தார். வாஷிங் மெஷினோடு வரும் கையேட்டைக் கொடுத்தார்கள், படித்துப் புரிந்துகொண்டு எங்கள் வீட்டு மெஷினைச் சரிசெய்தேன். ஐந்து டிவியில் ஐந்து சீரியல் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள், யார் யாருக்கு மாற்றாந்தாய் என்று வரிசையாகச் சொன்னேன். உலகம்மாள் பிறந்த வீட்டு உறவுமுறையைத் தலைகீழாகக் கேட்டார்கள், அதில் உலகம்மாளுக்கே தெரியாத இரண்டு மாமாக்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கடைசியில், குருமணி நிறுவனமே வெளியிட்ட அந்த நாற்பது பக்க அறிக்கையைக் கொண்டுவந்தார்கள். முதலில் லேசாக ஒரு முடிச்சு எழுந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதுவும் அவிழ்ந்துவிட்டது. தேவசகாயம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் நாளும் செண்பகவடிவு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் கீழே இறங்கிப் போனேன். வகுப்புக்காகவே கடையில் சாயங்கால முறை கேட்டு வாங்கியிருந்தாள், அதனால் வீட்டில்தான் இருந்தாள். கடைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக என்னைப் பார்த்ததும் சிரிப்பாள். அன்றைக்கு எழுந்து நின்று மரியாதையாக நாற்காலி போட்டாள். அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது.

நாளைக்கும் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். உனக்கென்று கேட்டால்தான் என்ன என்றேன். தலையை ஆட்டினாள், அது நடக்காது என்கிற மாதிரி. அப்படியானால் நான் சொல்லித் தருகிறேன், எனக்குத்தான் எல்லாம் புரிகிறதே என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "தப்பா நெனைக்காதிய. உங்களுக்குப் புரிஞ்சு போச்சுல்லா. இனிம உங்க பக்கத்துல உக்கார எனக்குக் கூச்சமா இருக்கு."

மாடி ஏறி வந்தேன். அறுபத்துநாலு வயதில் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விஷயம் புரிந்தது, அதனால் ஒருத்திக்குப் பக்கத்து இலை போய்விட்டது. சும்மா இருந்த மூளையை இந்தப் பாடு படுத்தியிருக்க வேண்டாம். உலகம்மாள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். சொன்னேன். அவள் எழுந்து கீழே போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"நாளைக்கு ஒருநா வந்து உக்காரு, பொறவு விட்டுரலாம்னேன். அவுகளுக்குத் தனியா உக்காரப் பயமா இருக்காம்னு உங்க பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன்," என்றாள்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு வருகைப் பட்டியலில் அவள் பெயர் கடைசியாக ஏறியது. குருமணி முப்பத்து நாலாம் பாடத்தை ஆரம்பித்தது. விண்தூக்கி நடுவழியில் நின்றுபோனால் செய்ய வேண்டியவை. நானூறு கிலோமீட்டர் உயரத்தில், உள்ளே அறுபது பயணிகள். என் பெயரில் ஒரு கேள்வியும் வரவில்லை. செண்பகவடிவு எந்த நிமிடமும் எழுந்து போய்விடுவாள் என்று நான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் குருமணி நின்றது. புரியவில்லையா என்று கேட்பதற்காக அல்லாமல் இதுவரை அது நின்றதில்லை.

"ஒரு சின்ன ஐயம்," என்றது. "எனக்கு அல்ல. பக்கத்து நாற்காலியில் இருக்கும் அண்ணாச்சிக்கு."

நான் என் எண்ணைப் பார்த்தேன். பூஜ்யம். எனக்கு ஓர் ஐயமும் கிடையாது.

"பயணிகளைப் பார்த்து, பதற்றப்பட வேண்டாம் என்று அறிவிக்க வேண்டும் எனப் பாடத்தில் இருக்கிறது," என்று குருமணி தொடர்ந்தது. அதன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எழுநூறு கணினி ஒத்திகையில் அப்படியே அறிவித்துப் பார்த்தோம். எழுநூறு தடவையும் அறிவிப்புக்குப் பிறகுதான் பயணிகள் பதறினார்கள். அது ஏன் என்று... அண்ணாச்சிக்குப் புரியவில்லை. யாராவது அவருக்குச் சொல்ல முடியுமா?"

பொய் சொல்லத் தெரியாத இயந்திரம் சொன்ன முதல் பொய். முப்பது நாளாக நாலு லட்சம் பேரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டுவிட்டது. எனக்குச் சட்டென்று விளங்கியது. உடனே வாயைத் திறந்தேன், கண்ணை மேலே செருகினேன், தலையைச் சொறிந்தேன். என் வாழ்நாளில் அப்படிக் குழம்பியதில்லை. எண் பூஜ்யத்திலேயே நின்றது, குருமணி அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"பதறாதியன்னு சொன்னா பதறத்தான செய்வாவ," என்று ஒரு குரல் வந்தது. மெதுவாகத்தான். "அண்ணாச்சி, கேளுங்க. எங்க கடை லிப்டு எத்தன தடவை நடுவுல நின்னிருக்கு. நான் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். எந்தக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தியன்னு கேப்பேன். பொண்ணு யாரு, மாப்பிள்ளை என்ன செய்யுதாரு, மண்டபம் எதுன்னு ஒண்ணொண்ணாக் கேப்பேன். அவுக சொல்லி முடிக்கதுக்குள்ள கரண்டு வந்துரும். எறங்க மனசில்லாம எறங்குவாவ."

குருமணி நெடுநேரம் பேசவில்லை. இயந்திரக் கணக்கில் நெடுநேரம் என்றால் நாலு வினாடி. அதற்குள் அது எழுநூறு ஒத்திகையையும் கல்யாணப் பேச்சோடு திரும்ப நடத்திப் பார்த்துவிட்டதாம், தேவசகாயம் அப்புறம் சொன்னார்.

"அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது," என்றது. "அவர் சார்பில் நன்றி. பாடத்தைத் திருத்திக்கொள்கிறேன்."

திரையில் அப்போது ஒரு மாற்றம் நடந்தது. என் முகத்துக்குப் பக்கத்தில் காலியாக இன்னொரு நாற்காலி முளைத்தது. அதற்குக் கீழே குருமணி என்று எழுதியிருந்தது. பாடம் நடத்துகிற இடத்தை விட்டு அது இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். வெறும் நாற்காலிப் படம்தான் வந்தது என்று தேவசகாயம் சொல்கிறார். அவர் அதிகாரி, அவருக்கு அப்படித்தான் தெரியும்.

செண்பகவடிவு தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். இப்போது நாலு மாடிக்குக் கேட்கிற குரல்.

"குருமணிக்கு அந்த முப்பத்தோராம் பாடம் சரியா வெளங்கலன்னு நெனைக்கேன். பாவம், இன்னொருக்க வாய்விட்டுச் சொல்லிப் பாத்துக்கிடட்டும். நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"ஆமாம்," என்றது குருமணி. "எனக்கே அது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது."

கயிறு ஏன் ஆடுகிறது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. அன்றைக்கு வகுப்பு பதினோரு மணிக்குத் தொடங்கி மாலை நாலு மணிக்கு முடிந்தது. குருமணிக்கு அத்தனை விஷயம் புரியாமல் இருந்திருக்கிறது.

படிப்பை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேர் முடித்தார்கள். அதில் என்னையும் சேர்க்க வேண்டும், நூற்று நாற்பத்து நாலில் ஒன்று. செண்பகவடிவுக்கு மணப்பாட்டில் விண்தூக்கியின் உள்ளேயே வேலை. கிளம்புவதற்கு முன் குடியிருப்பின் மொட்டைமாடியில் எல்லாருக்கும் சொதிச் சாப்பாடு போட்டாள். குருமணியையும் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தாள். பலகை அளவுள்ள ஒரு திரையை எனக்கு வலப்பக்கம் சாய்த்து வைத்து, அதற்கு முன்னாலும் ஓர் இலையைப் போட்டார்கள். இடப்பக்கம் உலகம்மாள், என் இலைமேல் ஒரு கண்ணோடு.

செண்பகவடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே பரிமாறினாள். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் வைத்து அந்தச் சொதியை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால், மேலே கூரை இல்லாத மாடி எதற்கு, நான் அங்கேதான் இருந்தேன். மூன்று தடவை வாங்கியாயிற்று. நாலாவதுக்கு வாய் ஊறுகிறது. டாக்டர் சொன்னதை உலகம்மாள் காதோரம் ஞாபகப்படுத்தினாள். வாளி எதிர் வரிசையில் போய்க்கொண்டிருந்தது.

நான் திரையைப் பார்த்தேன். திரையும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இந்தா வடிவு," என்றேன். "இங்க குருமணி இலையில சொதியே விழல."

"ஆமாம்," என்றது குருமணி உடனே. "எனக்குச் சொதி போதவில்லை."

செண்பகவடிவு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குருமணியின் இலைக்கு நேராகக் குனிந்து, போதுமா போதுமா என்று அதனிடமே கேட்டுக்கொண்டு, என் இலையில் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.